‘ரத்தம் கம்மி’ என்று எழுதிய சகோதரிக்கு

கேள்வி: எனக்கு வயது 39, எடை 52 கிலோ. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஆறு மாதமாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. ரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 7.2. பிளேட்லெட் எதிரே அதிகம் என்று குறி போட்டிருக்கிறார்கள். என் நாத்தனார் மகன் ஒன்பது வயதில் ரத்தப் புற்றுநோயில் இறந்துபோனான். அவனுக்கும் முதலில் ‘ரத்தம் கம்மி’ என்றுதான் சொன்னார்கள். அந்த நினைவிலேயே எனக்குத் தூக்கம் வருவதில்லை. இரும்பு மாத்திரை பன்னிரண்டு நாள் போட்டேன். குமட்டல், மலம் கறுப்பாகப் போனது. பயந்து நிறுத்திவிட்டேன். தினமும் பீட்ரூட் ஜூஸ் குடிக்கிறேன். மாதவிலக்கு எட்டு நாள் நீடிக்கும், கட்டி கட்டியாகப் போகும். ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றிக்கொள்ளச் சொல்கிறார்கள். பத்தாவது முடித்த என் மகளுக்கும் 10.6 தான், நான்கு மாதம் மாத்திரை போட்டும் ஏறவில்லை. இது பரம்பரைப் புற்றுநோயா? இன்னொன்று, எழுதவே வெட்கமாக இருக்கிறது. யாரும் பார்க்காதபோது பச்சரிசியை அள்ளி அள்ளித் தின்கிறேன். விட முடியவில்லை. (இரண்டு பேருடைய ரிப்போர்ட்டும் இணைத்துள்ளேன்.)

பதில்: சகோதரி, நீங்கள் தூங்க வேண்டும். அதனால் அந்தப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அனுப்பிய இரண்டு ரிப்போர்ட்டுகளிலும் ரத்தப் புற்றுநோய்க்கான அடையாளம் எதுவும் இல்லை. உங்களுக்கு இருப்பது இரும்புச்சத்துக் குறைவால் வந்த ரத்தசோகை. அது எத்தனை வருடம் இருந்தாலும் புற்றுநோயாக மாறாது.

நீங்கள் வெட்கப்பட்டு கடைசியில் எழுதிய அந்த அரிசி விஷயம்தான் எனக்கு அதிகம் சொன்னது. உடம்பில் இரும்பு வற்றிப்போனவர்களுக்கு உணவல்லாத பொருள்கள்மேல் இப்படி ஒரு ஆசை வரும். சிலர் பல்பம் கடிப்பார்கள், சிலர் ஐஸ் கட்டி, சிலர் சாம்பல், செம்மண். பச்சரிசி நம் ஊரில் ரொம்பச் சாதாரணம். என்னிடம் வரும் பெண்களிடம் நானாகவே கேட்பேன், “அரிசி திங்கிற பழக்கம் உண்டா?” என்று. பாதிப் பேர் தலையைக் குனிந்து சிரிப்பார்கள். இது கெட்ட பழக்கமும் இல்லை, மனக்கோளாறும் இல்லை. இரும்பு உள்ளே போக ஆரம்பித்தால், ஹீமோகுளோபின் ஏறுவதற்கு முன்பே, பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் இந்த ஆசை தானாக விட்டுப்போகும்.

புற்றுநோய் இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் நாளை ராத்திரி மறுபடி பயம் வரும்.

சிபிசி ரிப்போர்ட்டை, அதாவது ரத்த அணுக்களை எண்ணிச் சொல்லும் அந்தத் தாளை, எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எலும்பு மஜ்ஜை மூன்று வகை அணுக்களைச் செய்கிறது: சிவப்பணு, வெள்ளை அணு, பிளேட்லெட் என்கிற தட்டணு. சிவப்பணு மட்டுமே நொடிக்கு சுமார் 20 லட்சம் உருவாகிறது, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 120 நாள் வாழ்கிறது. ரத்தப் புற்றுநோயில் மஜ்ஜையே பாதிக்கப்படுவதால் மூன்று வரிசையும் கலைந்துபோவதுதான் வழக்கம். சிவப்பணு குறையும், பிளேட்லெட் சரியும், வெள்ளை அணு தாறுமாறாக ஏறும் அல்லது ஒரேயடியாக இறங்கும். உங்கள் வெள்ளை அணு 6,400, அதன் வகைகளும் சரியான விகிதத்தில் இருக்கின்றன. பிளேட்லெட் 4,86,000. நீங்கள் பயந்த அந்த ‘அதிகம்’ இதுதான். இரும்பு குறைந்தவர்களுக்குப் பிளேட்லெட் கொஞ்சம் கூடுவது வழக்கம், இரும்பு நிரம்பியதும் இறங்கிவிடும்.

அடுத்தது எம்சிவி என்ற வரி, சிவப்பணுவின் அளவு. 80 முதல் 100 வரை இருக்க வேண்டியது உங்களுக்கு 64. அணுக்கள் சிறுத்துப்போயிருக்கின்றன. ஆர்டிடபிள்யூ 19.4, அதாவது ஒன்று பெரிது ஒன்று சிறிது என்று அளவில் ஒழுங்கில்லை. சரக்கு குறையக் குறைய, கையில் இருந்ததை வைத்துச் செய்த அணுக்கள்.

ரிப்போர்ட்டின் அடியில், சின்ன எழுத்தில், யாரும் படிக்காமல் விடும் ஒரு வரி இருக்கிறது. ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து எழுதியது. எனக்கு அந்த மெஷின் கொடுத்த எண்கள் எல்லாவற்றையும்விட இந்த வரிமேல் மரியாதை அதிகம், ஏனென்றால் இது ஒரு மனிதர் கண்ணால் பார்த்துச் சொன்னது. நல்ல சிவப்பணு ஓரம் தடித்து, நடுவில் லேசாக வெளுத்திருக்கும். இரும்பில்லாத அணுவில் அந்த வெளுப்பு பெரிதாகிக்கொண்டே போய், ஓரத்தில் மெல்லிய வளையம் மட்டும் மிஞ்சும். மாவு போதாமல் தட்டிய, நடு ஓட்டை பெரிதாகிப்போன உளுந்து வடையை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ரத்தத்தில் இருப்பவை அப்படிப்பட்ட அணுக்கள் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். கூடவே ‘இளம் அணுக்கள் எதுவும் காணப்படவில்லை’ என்றும் இருக்கிறது. அந்த வாக்கியத்தைத்தான் நீங்கள் தேடியிருக்க வேண்டும். ரத்தப் புற்றுநோயில் முதிராத வெள்ளை அணுக்கள், பெரிய உட்கருவோடு, வெளி ரத்தத்தில் வந்து நிற்கும். வெள்ளை அணு எண்ணிக்கை இயல்பாக இருந்தும் புற்றுநோய் மறைந்திருப்பது உண்டு. அதற்காகத்தான் கண்ணால் பார்ப்பது முக்கியம்.

உங்கள் நாத்தனார் மகனுக்கும் ‘ரத்தம் கம்மி’ என்றுதான் சொன்னார்கள் என்கிறீர்கள். சொன்னது பொய்யில்லை. ஆனால் ‘ரத்தம் கம்மி’ என்பது காய்ச்சல் என்பதைப் போல. டைபாய்டுக்கும் காய்ச்சல்தான், சாதாரண சளிக்கும் காய்ச்சல்தான். அந்தப் பிள்ளைக்கு விதை, உரம், தண்ணீர் எல்லாம் இருந்தது. வயலையே கோரை பிடித்துக்கொண்டது, நெல் முளைக்க இடமில்லை. உங்கள் வயல் நன்றாக இருக்கிறது, உரம்தான் இல்லை. இரண்டிலும் விளைச்சல் குறைவு என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அவன் போனதற்காக உண்மையிலேயே வருந்துகிறேன். குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய் பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து வருவதில்லை. உங்கள் மகளுக்கு அது தொற்றிக்கொண்டு வரும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

எப்போது தாமதிக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக. ஹீமோகுளோபின் சில வாரத்திலேயே மளமளவென்று இறங்குவது. காரணம் தெரியாத காய்ச்சல் பத்து நாளைத் தாண்டுவது. தோலில் கொசுக்கடி போல, ஆனால் அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள். ஈறில் தானாக ரத்தம். கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டுவது. ஓடியாடிய குழந்தை கால் வலிக்கிறது என்று நடக்க மறுப்பது. சிபிசியில் மூன்று வரிசையில் இரண்டு குறைந்திருந்தாலும் அப்படித்தான், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். அப்படி இருந்தாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. டெங்குவிலும் பிளேட்லெட் குறையும், பி12 வைட்டமின் குறைந்தாலும் மூன்று வரிசையும் இறங்கும். மஜ்ஜை பார்க்க வேண்டுமா என்பதை அங்கே இருப்பவர்கள் முடிவு செய்வார்கள். அடையாறு புற்றுநோய் நிறுவனம், வேலூர் சிஎம்சி மாதிரி இடங்கள் நமக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன.

சரி, உங்கள் இரும்புக் கணக்குக்கு வருவோம். இதை நோயாளிகளுக்குத் தாளில் எழுதிக் காட்டுவது என் வழக்கம். ஒரு லிட்டர் நல்ல ரத்தத்தில் சுமார் அரை கிராம் இரும்பு இருக்கிறது. 52 கிலோ எடை, ஹீமோகுளோபின் 7.2 என்று வைத்துக் கணக்கிட்டால், கையிருப்பையும் நிரப்பச் சேர்த்து, உங்களுக்கு ஏறக்குறைய ஒன்றரை கிராம், அதாவது 1,500 மில்லிகிராம் இரும்பு பாக்கி. சாப்பாட்டிலிருந்து குடல் ஒரு நாளைக்கு உறிஞ்சுவது ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். அதையும் மாதவிலக்கு எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. 80 மில்லிக்கு மேல் போனாலே அதிகப்போக்கு. எட்டு நாள், கட்டி கட்டியாக என்றால் நீங்கள் நிச்சயம் அதைத் தாண்டியிருப்பீர்கள்.

பீட்ரூட் இந்தக் கடனை அடைக்காது. 100 கிராம் பீட்ரூட்டில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. அதன் சிவப்புக்கும் ரத்தத்தின் சிவப்புக்கும் சம்பந்தமே கிடையாது. ஜூஸ் பிடித்தால் குடியுங்கள், மருந்தாக நினைக்காதீர்கள். பெரியவர்கள் பிரசவித்த பெண்களுக்குச் சுவரொட்டி வாங்கிக் கொடுத்தார்களே, அதில் அர்த்தம் இருக்கிறது. ஆட்டின் மண்ணீரலில் இரும்பு அதிகம், ஈரலிலும் அப்படியே, அசைவ இரும்பைக் குடல் சுலபமாக உறிஞ்சும். சாப்பிடாதவர்களுக்குக் கம்பு, கீரை, பயறு. கூட ஒரு எலுமிச்சை பிழிந்துகொண்டாலோ நெல்லிக்காய் சேர்த்தாலோ உறிஞ்சுவது கூடும். புளிக்குழம்பை இரும்புச் சட்டியில் வைத்தால் சட்டியிலிருந்தே இரும்பு இறங்கும். இதெல்லாம் கடன் அடைந்த பிறகு மறுபடி கடன் ஏறாமல் பார்த்துக்கொள்ள. 1,500 மில்லிகிராம் பாக்கியைச் சாப்பாட்டால் மட்டும் தீர்க்க முடியாது. மாத்திரை வேண்டும்.

நீங்கள் பன்னிரண்டு நாளில் நிறுத்தியதைக் குற்றமாகச் சொல்ல மாட்டேன். மலம் கறுக்கும், பயப்படாதீர்கள் என்று மாத்திரை கொடுத்தவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீங்கள் நிறுத்தியிருக்க மாட்டீர்கள். உறிஞ்சப்படாத இரும்புதான் அந்தக் கறுப்பு. தார் மாதிரி ஒட்டும், நாற்றமடிக்கும் கறுப்பு வேறு, அது வயிற்றில் ரத்தம் கசிவது.

குமட்டலுக்கு வழி இருக்கிறது. ஒரு மாத்திரை போட்டவுடன் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து, குடலில் இரும்பு நுழையும் வாசலைச் சுமார் ஒரு நாளைக்குச் சாத்திவைக்கிறது. அதனால் தினம் மூன்று வேளை போட்டு வயிற்றைப் புண்ணாக்குவதில் லாபம் குறைவு. ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரே ஒரு மாத்திரை, ராத்திரி படுக்கப் போகும்போது என்று உங்கள் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை இவற்றுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கம்பெனியில் பதினோரு மணி டீயோடு மாத்திரையை விழுங்குபவர்களை நிறையப் பார்க்கிறேன், பாதி வீணாகிறது. தைராய்டு மாத்திரை போடுபவர்கள் நான்கு மணி நேரம் தள்ளிப் போட வேண்டும். ஒழுங்காகப் போட்டால் நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் ஒன்று முதல் இரண்டு வரை ஏறும். 12 ஆனதும் நிறுத்திவிடாதீர்கள். கையிருப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் வேண்டும். மாத்திரை ஒத்துக்கொள்ளவே இல்லை என்றால் நரம்பு வழியாக இரும்பு ஏற்றலாம். புதிய வகைகளில் ஒரே அமர்வில் 1,000 மில்லிகிராம் வரை போகும். உங்கள் அளவுக்கு அதுவே நல்ல வழி என்று எனக்குப் படுகிறது.

ரத்தம் ஏற்றுவது பற்றி: உட்கார்ந்திருக்கும்போது மூச்சு வாங்கவில்லை, நெஞ்சு வலி இல்லை, மயக்கம் இல்லை என்றால் 7.2க்கு அவசியம் வராது. ஒரு பாட்டில் ஏறக்குறைய ஒரு புள்ளி ஏற்றும். அடுத்த சில மாதப் போக்கில் அது போய்விடும். ரத்தம் கிடைக்காமல் தவிப்பவர்கள் இருக்கிறார்கள், அது அவர்களுக்கு இருக்கட்டும்.

மாத்திரை அட்டையைப் பார்த்தால் இரும்போடு ஃபோலிக் அமிலம் என்றும் போட்டிருக்கும். அதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், உங்கள் இரண்டு பயமும் அங்கே சந்திக்கின்றன. 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் பம்பாய்க்கு வந்தார். நெசவாலைகளில் வேலை பார்த்த கர்ப்பிணிகளுக்கு வந்த கடுமையான ரத்தசோகைக்கு ஈஸ்ட் சாற்றில் மருந்து இருப்பதைக் கண்டார். பின்னாளில் அது ஃபோலிக் அமிலம் என்று தெரிந்தது. அதைச் செயற்கையாகத் தயாரித்த குழுவை அமெரிக்காவில் வழிநடத்தியவர் எல்லாப்ரகட சுப்பாராவ், பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அந்த வைட்டமினை ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தபோது நோய் வேகமெடுத்ததாகத் தோன்றியது. அப்படியானால் அதைத் தடுத்தால் என்ன என்று பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் யோசித்தார். தடுக்கும் மருந்தை சுப்பாராவின் குழு செய்து கொடுத்தது. 16 குழந்தைகளுக்குக் கொடுத்ததில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது என்று 1948இல் ஃபார்பர் எழுதினார். அதற்கு முன் ஒரு மருந்தும் கிடையாது. அந்த மருந்தின் தம்பியான மீத்தோட்ரெக்சேட்டை இன்றும் இந்தக் குழந்தைகளுக்குக் கொடுக்கிறோம். நல்ல சிகிச்சை முழுதாகக் கிடைக்கிற இடங்களில் இப்போது பத்தில் எட்டுக் குழந்தைகளுக்கு மேல் பிழைத்துவிடுகிறார்கள்.

இதையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது, இரும்பை ஏற்றிவிட்டு அது எங்கே போனது என்று கேட்காமல் விடுவதுதான். 2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இத்தனை பேருக்கு இருப்பதாலேயே, “பொம்பளைங்களுக்கு இருக்கிறதுதானே” என்று தள்ளிவிடுகிறோம். உங்கள் எட்டு நாள் போக்குக்குக் காரணம் தெரிய வேண்டும். கர்ப்பப்பையில் நார்க்கட்டி இருக்கிறதா என்று ஒரு ஸ்கேன், தைராய்டுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை. போக்கைக் குறைக்க மாத்திரைகள் உண்டு, கர்ப்பப்பைக்குள் வைக்கும், ஹார்மோன் தரும் லூப் உண்டு. யாராவது எடுத்த எடுப்பிலேயே கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்றால் இன்னொருவரிடம் காட்டாமல் சம்மதிக்காதீர்கள்.

காரணம் கேட்காமல் விட்டதற்கு நானும் ஒருமுறை விலை கொடுக்க வைத்திருக்கிறேன், இன்னொருவரை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் 58 வயது விவசாயி ஒருவர் வந்தார், ஹீமோகுளோபின் 8. வெறுங்காலோடு வயலில் நடப்பவர், குடலில் ஒட்டி ரத்தம் குடிக்கும் கொக்கிப்புழுதான் என்று முடிவு செய்து, பூச்சி மாத்திரையும் இரும்பும் கொடுத்தேன். ஏறியது. மூன்று மாதத்தில் இறங்கியது, மறுபடி கொடுத்தேன். எட்டு மாதம் கழித்து அவர் எடை குறைந்து வந்தபோதுதான் குடலுக்குள் பார்க்க அனுப்பினேன். பெருங்குடலில் கட்டி. எட்டு மாதம் முன்னால் அனுப்பியிருக்க வேண்டும். அவர் மகன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஆணுக்கும், மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கும் இரும்பு குறைந்தால் குடலைப் பார்க்காமல் விடக் கூடாது என்பதை நான் அவரிடம்தான் கற்றுக்கொண்டேன்.

உங்கள் மகளுடைய ரிப்போர்ட் வேறு கதை. ஹீமோகுளோபின் 10.6, எம்சிவி 66, உங்களைப் போலவே சிறிய அணுக்கள். ஆனால் சிவப்பணு எண்ணிக்கையைப் பாருங்கள். உங்களுக்கு 37 லட்சம், அவளுக்கு 53 லட்சம். இரும்பில்லாத மஜ்ஜையால் இத்தனை அணுக்களைச் செய்ய முடியாது. எம்சிவியை அந்த எண்ணிக்கையால், மில்லியனில் (3.7, 5.3) வைத்து, வகுத்துப் பார்ப்போம். உங்களுக்கு 17, அவளுக்கு 12.5. பதின்மூன்றுக்குக் கீழே வந்தால் தலசீமியா, அதாவது ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரைக் குறை, அதன் மரபணு ஒன்று இருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். நான்கு மாத மாத்திரை வேலை செய்யாததும் அதற்கு ஒத்துப்போகிறது. அவளுக்கு மாத்திரையை இப்போதைக்கு நிறுத்துங்கள். ஃபெரிட்டின் என்ற பரிசோதனையில் இரும்புக் கையிருப்பு தெரியும். அப்புறம் ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி. அதில் ஏ2 என்ற வகை 3.5 சதவீதத்துக்கு மேல் வந்தால் உறுதி. இரும்பும் குறைந்திருந்தால் ஏ2 பொய்யாகக் குறைத்துக் காட்டலாம், அதனால்தான் ஃபெரிட்டினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன்.

உறுதியானாலும் அவள் நோயாளி இல்லை. படிக்கலாம், ஓடலாம், எல்லோரையும் போல வாழலாம். தேவையில்லாமல் வருடக்கணக்கில் இரும்பு விழுங்காமல் இருந்தால் போதும். ஒரே ஒரு இடத்தில்தான் கவனம் வேண்டும். இதே மரபணு உள்ள ஒருவரை அவள் மணந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, குழந்தை மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டிய தலசீமியாவோடு பிறக்க. மாப்பிள்ளைக்கும் அந்த ஒரு பரிசோதனையைச் செய்துவிட்டால் தெரிந்துவிடும். ஜாதகம் கேட்கிற அதே நாளில் கேட்கலாம், தப்பில்லை.

உங்கள் எண்களைப் பார்த்தால் அது உங்களிடமிருந்து போனதாகத் தெரியவில்லை. அதனால் உங்கள் கணவரும் ஒரு சிபிசி எடுக்கட்டும். யார் பக்கத்துக் குறை என்று வீட்டில் பேச்சு வந்தால், நிறம் மாதிரி, உயரம் மாதிரி வந்த ஒன்று என்று சொல்லுங்கள்.

இந்த வாரம் ஸ்கேனையும் ஃபெரிட்டினையும் முடித்துவிடுங்கள். நான்கு வாரம் கழித்து மறுபடி சிபிசி எடுத்து, மகளுடைய எச்பிஎல்சியோடு சேர்த்து அனுப்புங்கள். அரிசி டப்பாவைத் தேடுவது நின்றுவிட்டதா என்றும் அதில் ஒரு வரி எழுதுங்கள்.